சைபர் அண்ணனின் திங்கட்கிழமைகள்

எங்கள் ஆய்வறிக்கையின் பதினோராம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஒப்பீட்டுக்கான ரத்தம் ஆரோக்கியமான ஒரு நபரிடமிருந்து பெறப்பட்டது." அந்த வரியை எழுதியவள் நான்தான். அந்த ஆரோக்கியமான நபரைப் பற்றி அறிக்கையில் வேறு ஒரு வார்த்தை கிடையாது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் முதலில் எங்கள் ஆளே இல்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் எங்கள் ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தார். அன்றைக்கு எங்கள் சார், அதாவது கூடத்தின் தலைவர், மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியைத் தீப்பெட்டி அளவுத் தட்டுகளாக வெட்டப் பார்த்து, பத்தில் ஏழை உடைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஏணிமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்துவிட்டார்.

"சார், கண்ணாடிகிட்ட பலத்தைக் காட்டக் கூடாது சார். ஒரு கோடு, ஒரே தடவை. ரெண்டாவது தடவை இழுத்தா அதுக்குக் கோவம் வந்துரும்."

அரை மணியில் இருபது தட்டு வெட்டிக் கொடுத்தார். ஒன்றில்கூட விளிம்பு சிதறவில்லை. அடுத்த மாதமே எங்கள் அட்டெண்டராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் அண்ணி துணி தைப்பார்கள். ஒரே மகள் கல்யாணமாகிப் போயிருந்தாள்.

எங்கள் மெஷின் என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. குடலில் புற்றுநோய்க் கட்டி வளர்ந்தால் பெரும்பாலும் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும். பெரிய ஆஸ்பத்திரியில் அதை அளக்கிற கருவி ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். எங்களுடையது ஒரு மேஜையில் அடங்கும். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கிறார்களே, அதே டைட்டானியப் பொடியைக் கண்ணாடித் தட்டில் மெல்லிசாகப் பூசிச் சுடுவோம். அதன்மேல் அந்தப் புரதத்தை மட்டும் பிடித்துவைக்கிற ஒரு பூச்சு. தட்டில் வெளிச்சம் பட்டால் மின்சாரம் ஓடும். ரத்தத்தில் அந்தப் புரதம் இருந்தால், அது வந்து தட்டில் உட்கார்ந்து வழியை அடைக்கும்; மின்சாரம் குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நோய். மற்றதெல்லாம் இந்தக் குறைவை ஒழுங்காக அளக்க நாங்கள் பட்ட பாடு.

எதிலிருந்து குறைகிறது என்று தெரிய வேண்டுமே! ஒரு தட்டு மாதிரி இன்னொரு தட்டு இருக்காது. ஒரு வாரத்துப் பூச்சு மாதிரி அடுத்த வாரத்துப் பூச்சு வராது. அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நோயில்லாத ஒருவருடைய ரத்தத்தை முதலில் வைத்து, வருகிற எண்ணைப் பார்த்து, ஒரு பொத்தானை அழுத்துவோம். திரையில் சைபர் என்று வரும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நோயாளிகளின் ரத்தம் ஒவ்வொன்றாக. அந்தச் சைபருக்கு ரத்தம் கொடுக்க என்னைத்தான் முதலில் கேட்டார்கள். எனக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும். ஊரையே வாயால் வெட்டுகிறவள், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தேன். கீழே விழுவதற்குள் பிடித்தவர் அவர்தான்.

"அவங்களை விடுங்க சிஸ்டர். என்கிட்ட எடுங்க. என் ரத்தத்துல ஒண்ணும் இருக்காது," என்று நர்ஸிடம் சொல்லி, முழங்கை வரை சட்டையைச் சுருட்டினார். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. சைபர் அண்ணன் என்ற பெயர் அன்றைக்கு வந்தது. அவருக்கு அதில் ஏகப் பெருமை. யாராவது புதிதாக வந்தால், "எனக்குச் சம்பளமே ரத்தத்துல ஒண்ணும் இல்லாததுக்குத்தான்," என்பார். அண்ணி ஒருமுறை கூடத்துக்கு வந்தபோது இதைக் கேட்டு, "இவர் சைபர்னு கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்கு அதுக்கு ஒரு மெஷின் வேண்டியிருந்திருக்கு," என்றார்கள். சாரே வாய்விட்டுச் சிரித்தார்.

அளக்கிற அறை ஓர் அலமாரி அளவுதான். கறுப்புத் திரை, உள்ளே ஒரு விளக்கு, மெஷின், இரண்டு முக்காலி. விளக்கை அரை மணி சூடாக விட்டால்தான் வெளிச்சம் நிலைக்கு வரும். அதைப் போடுவது அவர் வேலை. பிறகு பத்து விநாடி வெளிச்சம், பத்து விநாடி இருட்டு என்று தட்டை மூடி மூடித் திறக்க வேண்டும். மெஷினிலேயே கடிகாரம் உண்டு. இருந்தாலும் அவர் வாயால் எண்ணுவார். "எட்டு, ஒம்பது, பத்து... மூடு." ஏழு வருடம் அந்தக் குரலைக் கேட்டேன். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால், "என்ன நம்பர்மா?" என்று கேட்டு, பழைய டைரி ஒன்றில் பென்சிலால் எழுதிக்கொள்வார். எதற்கு அண்ணே, அதுதான் அழிந்துவிடுமே என்றால், "கடையில அளவு எடுத்தா எழுதிக்குவோம்மா. கை பழகிடுச்சு," என்பார்.

ஆறாவது வருடம் மெஷின் தகராறு பண்ண ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கருவி முற்றிய நோய் என்று சொல்கிற ரத்தத்தை எங்கள் மெஷினில் வைத்தால் லேசான நோய் என்றது. லேசான நோயை ஒன்றுமே இல்லை என்றது. முதலில் கொஞ்சமாகத்தான் தப்பியது. மாதம் போகப் போகக் கூடியது. விளக்கை மாற்றினோம். பொடியை மாற்றினோம். பூச்சு மருந்து விற்றவரை ஃபோனில் நான் கிழித்த கிழியில் அவர் அடுத்த முறை எடுக்கவே இல்லை. வெறும் உப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தால் தட்டு தங்கமாக வேலை செய்தது. ரத்தம் வைத்தால்தான் கெட்டது. அப்படியானால் கோளாறு தட்டில் இல்லை, ரத்தத்தைக் கையாளுவதில்தான் என்று முடிவு கட்டினேன். ரத்தக் குழாயைச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரைப் பிரித்து எடுக்கிறவர் சைபர் அண்ணன்.

"அண்ணே, குழாயை ஒழுங்காக் கழுவுறீங்களா?"

"கழுவுறேன்மா. ரெண்டு தடவை கழுவுறேன்."

"மூணு தடவை கழுவுங்க."

மூன்று தடவை கழுவினார். அதற்குப் பிறகு நான்கு தடவை கழுவினார். மெஷின் திருந்தவில்லை. அவர் இளைத்துக்கொண்டே போனதையும் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெல்ட்டில் புதிதாக ஆணியால் ஓட்டை போட்டிருந்தார். "என்ன அண்ணே, அண்ணி சோறு போடுறதில்லையா?" என்று கிண்டல் செய்தேன். "வயசாகுதுல்லம்மா," என்று சிரித்தார். படியேறினால் மூச்சு வாங்கியது. நல்ல ரத்தம் என்று வாராவாரம் எடுக்கிறோமே, அதனால்தான் களைப்பு என்று நாங்களே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. மகளுக்குப் பிரசவம். நோயாளிகளின் ரத்தம் வந்து காத்திருந்தது, சைபருக்கு ஆளில்லை. வேறு வழியில்லாமல் நானே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். சுவரைப் பிடித்தபடி போய், குழாயைச் சுழற்றி, பிரித்து, தட்டில் வைத்தேன். எண் எண்பத்து மூன்று. ஒரு வருடமாக அந்த உயரத்தை நான் பார்த்ததே இல்லை. பொத்தானை அழுத்தினேன். நோயாளிகளின் அளவெல்லாம் ஆஸ்பத்திரிக் கணக்கோடு அப்படியே பொருந்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாரைக் கூட்டி வந்து காட்டினேன்.

அடுத்த திங்கள் அவர் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தார். அவர் ரத்தம், அவர் சுழற்றியது, அவர் பிரித்தது. எண் அறுபத்தொன்று. நோயாளிகளின் கணக்கு மறுபடியும் கோணல்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு நான் பேசியதை இப்போது எழுதும்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. சார், நர்ஸ், மூன்று ஆய்வு மாணவர்கள், எல்லாருக்கும் எதிரில் கத்தினேன்.

"நீங்க இல்லாத அன்னைக்கு மட்டும் மெஷின் சரியா ஓடுது! ஒரு வருஷமா எங்க உயிரை வாங்கிட்டீங்களே! கை சுத்தம் இல்லன்னா வேலைக்கு எதுக்கு வரீங்க?"

அவர் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆறு வருடத்தில் ஒரு தட்டை உடைக்காத கைகள்.

"என்னால நஷ்டம் வேண்டாம்மா. வர்ற திங்கக்கிழமை நீங்களே எல்லாம் செய்ங்க. நான் திரைக்கு வெளியில நின்னுக்கிறேன். எதையும் தொடல," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதைவிட ஒரு படி மேலே போய், கூடத்தைப் பெருக்குகிறவர்மேல் பழி போட்டேன்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்துப்போனது என்று அண்ணி பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை வந்தது. நர்ஸ் அவரிடம் ரத்தம் எடுத்து நேராக என்னிடம் கொடுத்தாள். புதுக் குழாய். நான் சுழற்றினேன், நான் பிரித்தேன், நானே வெட்டிய தட்டில் நானே வைத்தேன். அவர் திரைக்கு வெளியே நின்றார். பழக்க தோஷம், அங்கிருந்தே மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். "எட்டு, ஒம்பது, பத்து."

எண் ஐம்பத்தொன்பது.

என்னை நானே திட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியில் மிச்சம் இருந்த என் ரத்த நீரை இன்னொரு தட்டில் வைத்தேன். எண்பத்து மூன்று. மறுபடி அவருடையது. ஐம்பத்தொன்பது. மறுபடி என்னுடையது. எண்பத்திரண்டு. அவருடைய கை அங்கே இல்லை. அவருடைய ரத்தம் மட்டும்தான் இருந்தது. வெளிச்சம் பட்டும் மின்சாரம் ஓட முடியாமல், ஏதோ ஒன்று வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது எது என்று கண்டுபிடிக்கத்தானே ஆறு வருடமாக அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்!

வெளியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா, இப்ப சரியா வருதா?"

நான் திரையை விலக்கவில்லை. "அண்ணே, உங்க டைரியைக் கொடுங்க," என்றேன். திரைக்கு அடியில் கை மட்டும் நீண்டு டைரியைத் தந்தது. திரைக்கு வெளியில்தான் நிற்பேன் என்று சொல்லியிருந்தாரல்லவா.

பென்சில் எழுத்து. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு வரி. முதல் ஐந்து வருடம் எண்பத்தொன்று, எண்பத்து மூன்று, எண்பது. பிறகு எழுபத்தெட்டு. எழுபத்தைந்து. எழுபது. ஏறக்குறைய அறுபது வாரம் அந்த எண் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. வாராவாரம் மெஷின் சொல்லியிருக்கிறது. வாராவாரம் நான் பொத்தானை அழுத்தி, "இதுதான் சைபர், இதுதான் நோயில்லாத உடம்பு" என்று அதன் வாயை அடைத்திருக்கிறேன். அவருக்குச் சோதனை எடுத்தது வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரே ஒரு தடவை. எல்லாரையும் நிறுத்துப் பார்த்தோம், தராசை மட்டும் நிறுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அவர்மேல் இருந்தது. பாவம் முழுக்க என்னுடையது.

அன்றைக்கு மத்தியானமே சார் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூன்று நாளில் எல்லாம் தெரிந்துவிட்டது. பெருங்குடலில் கட்டி. "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே," என்று டாக்டர் சொன்னாராம். அவர் எங்கே போவார்? ஒரு வருடமாக வாராவாரம் அதற்காகவே ரத்தம் கொடுத்துக்கொண்டுதானே இருந்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஏதோ ஒரு துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்.

"உள்ளே வா," என்றார்கள் அண்ணி. "உன்மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் உன்கிட்ட ஏதோ கேக்கணும்னு காலையிலேருந்து துடிக்கிறார். அதைக் கேட்டுட்டு அப்புறம் அழு."

அவர் தலையணையிலிருந்து தலையை உயர்த்தினார். "அம்மா, அப்படின்னா கண்ணாடியில குத்தம் இல்லதானே? கழுவினதுலயும் குத்தம் இல்ல?"

"இல்ல அண்ணே. உங்க கையில ஒரு குத்தமும் இல்ல."

"அப்பாடா," என்று படுத்துக்கொண்டார். கட்டி என்று டாக்டர் சொன்னபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை, இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்றார்கள் அண்ணி. சொல்லும்போது அவர்கள் கை தையலை விட்டிருந்தது.

ஐந்து மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். பாதி ஆளாக வந்தார், ஆனால் வந்தார். அதற்குள் கூடத்தில் விதி மாறியிருந்தது. சைபருக்கு நான்கு பேர் ரத்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நால்வருக்கும் ஆஸ்பத்திரிச் சோதனை. பொத்தானை அழுத்தும் முன் எண்ணைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும். நால்வரில் நானும் ஒருத்தி. இன்றும் ஊசியைப் பார்க்க மாட்டேன், ஆனால் கையை நீட்டிவிடுவேன்.

வந்த முதல் வாரமே அவர் ஒன்று கேட்டார். "ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பாப்பாங்களாம். நம்ம மெஷின்ல மாசாமாசம் என்னைப் பாருங்கம்மா."

"அது ஆராய்ச்சி மெஷின் அண்ணே. அதை நம்பி வைத்தியம் பண்ண முடியாது."

"வைத்தியம் அவங்க பண்ணட்டும். நம்பர் நீங்க சொல்லுங்க."

சார் ஒப்புக்கொண்டார், ஆஸ்பத்திரிக்கும் எழுதிக் கொடுத்தார். மாத முதல் திங்கட்கிழமை. அன்றைக்குச் சைபர் என் ரத்தம். அவர் ரத்தம் நோயாளி வரிசையில், ஆனால் பொத்தானை அழுத்துவதற்கு முன்னாலேயே அதன் எண்ணையும் பார்த்துவிடுவோம். முதல் மாதம் அவருடைய எண் எண்பது. "பழைய ஆள் ஆயிட்டேன்!" என்று வெளியே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். இரண்டாம் மாதம் எண்பத்தொன்று. மூன்றாம் மாதம் எண்பது. நான்காம் மாதமும் எண்பது. திரைக்குள் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் தெளிந்து, மறுபடியும் அவரைக் கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தேன்.

ஐந்தாம் மாதம். அவர்தான் விளக்கைப் போட்டார். அவர்தான் தட்டை வெட்டினார். பேத்திக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்து, டைரியை மடியில் விரித்தார். என்னுடையதை வைத்தேன்: எண்பத்து மூன்று. பிறகு அவருடையது.

"எட்டு, ஒம்பது, பத்து... மூடு."

எண் எழுபத்து நான்கு.

என் விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அழுத்தியிருந்தால் போதும். திரையில் அழகாகச் சைபர் வந்திருக்கும். விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"விளக்கு இன்னும் சூடாகல போல அண்ணே. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கலாம்."

"முக்கால் மணி ஆச்சும்மா. நான்தானே போட்டேன்."

"அப்ப தட்டுல ஏதாவது கீறல் இருக்கும்."

"தட்டு நான் வெட்டினது," என்றார். குரலில் கோபமே இல்லை. "நம்பரைச் சொல்லுங்கம்மா."

சொன்னேன். பென்சிலை எடுத்து எழுதினார். போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மெஷினை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் கூடத்தில் இல்லை.

பிறகு டைரியை மூடி, மெஷினின் மேல்மூடியைக் கையால் ஒரு தடவை துடைத்தார்.

"மெஷின் சரியாத்தான்மா ஓடுது. இனிமே யாரும் அதைக் குத்தம் சொல்லாதீங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் எழுந்து, நான் பயன்படுத்திய குழாய்களை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். மூன்று தடவை கழுவினார்.